மாடி ஏறிய நெருப்பு

புதுவாழ்வு நகர் சி பிளாக்கின் முதல் மாடிச் சுவரில் ஒரு நெருப்பு வந்து நின்றதை முதலில் பார்த்தவள் அஞ்சுகம். பார்த்தவள் கத்தவில்லை. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று ஒன்பதாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தவளிடம் கத்துவதற்கு மூச்சு மிச்சமில்லை. மழைக்கு நனைந்த ஒயர் பெட்டியில் பொறி தட்டியதும், அது சுவரில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறப் பேனலைப் பற்றிக்கொண்டதும், பற்றிய வேகத்தில் ஓர் ஆள் உயரம் எழும்பியதும் எல்லாம் படிக்கட்டு ஜன்னல் வழியாக அவள் கண் முன்னாலேயே நடந்தது. இன்னொரு மூச்சு விடுவதற்குள் கட்டடம் முழுக்க ஏறிவிடும் என்று அவள் குடங்களைக் கீழே போட்டபோது, அந்த நெருப்பு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் அப்படியே நின்றுவிட்டது. பரவவும் இல்லை, அணையவும் இல்லை. யாராவது வந்து பதில் சொல்லட்டும் என்று வாசலில் காத்திருக்கும் ஆளைப் போல நின்றது.

அந்தப் பேனலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆற்றோரத்துக் குடிசைகளில் இருந்தவர்களை, குடிசை என்றால் தீப்பிடிக்கும், உயிருக்கு ஆபத்து என்று சொல்லித்தான் குடிசை மாற்று வாரியம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டணத்துக்கு வெளியே இந்தப் பத்து மாடிக் கட்டடங்களில் இறக்கியது. இறக்கிவிட்டு மறந்தும் போனது. குழாயில் தண்ணீர் வராததும், லிப்ட் ஓடாததும், தீயணைக்கும் குழாய் இருக்க வேண்டிய சிவப்புப் பெட்டியில் யாரோ கோழியை அடைக்கு வைத்திருப்பதும் வாரியத்தின் கண்ணுக்குப் படவில்லை. பிறகு பக்கத்தில் ஒரு மேம்பாலம் வந்தது. அதன் மேல் காரில் போகும் பெரிய மனிதர்களின் கண்ணுக்கு இந்த அழுக்குச் சுவர்கள் படக் கூடாது என்றதும் வாரியத்துக்குப் பழைய ஞாபகம் எல்லாம் திரும்பி வந்து, ஒரே கோடையில் கட்டடம் முழுவதையும் நீலமும் ஆரஞ்சுமாகப் பளபளக்கும் பேனலால் போர்த்திவிட்டுப் போனது. உள்ளே ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. இரண்டு மெல்லிய தகட்டுக்கு நடுவே கறுப்பாக ஒன்றை வைத்து அழுத்திய பேனல் அது. பிள்ளைகள் ஒடித்து விளையாடிய துண்டுகளைப் பொறுக்கி, மழை நாளில் ஈர விறகுக்கு அடியில் வைத்தால் அடுப்பு உடனே பற்றிக்கொள்ளும் என்பது சி பிளாக்கின் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தெரிந்தும் அது தங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறதே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அரசாங்கம் ஒட்டியதாயிற்றே, யோசிக்காமலா ஒட்டியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

அஞ்சுகத்தின் புருஷன் துலுக்காணம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். ஒரு நாள் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கீழ் வீடாகக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, குலுக்கலில் விழுந்தது விழுந்ததுதான் என்று ஒன்பதாம் மாடியைக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் பாயில் படுத்துக்கொண்டு மேம்பாலத்தில் போகும் வண்டிகளைப் பார்ப்பதுதான் அவனுக்கு உலகம். வீட்டுக்கு வந்த நாள் முதல் அவன் கீழே இறங்கியதில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி நீட்டி, குழாய் பிடித்து, வண்டித் தண்ணீர் முழுவதையும் அடித்தார்கள். நெருப்பு நனைந்துகொண்டே எரிந்தது. வந்த அதிகாரி தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவுனாத்தான் எங்க கேஸும்மா. இது நின்னுக்கிட்டிருக்கு. பேனல்தான் காரணம்னா அது ஒட்டுனவங்க பாடு. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." அவர் வண்டியில் ஏறி உட்காருவதற்குள் நெருப்பு முதல் மாடியை விட்டு இரண்டாம் மாடிக்கு ஏறி நின்றது. காற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் பயந்தார்கள், சாமான் செட்டை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அடுத்த வாரம் மூட்டையைப் பிரித்து அவசரத்துக்கு ஒரு தட்டை எடுத்தார்கள், பிறகு ஒரு போர்வையை, பிறகு மூட்டையே இல்லை. மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், ஏழைகளுக்கு இன்னும் சீக்கிரம் பழகிவிடும், அதை நம்பித்தான் பாதி அரசாங்கம் நடக்கிறது. அந்த ஐப்பசி மழையில் இரண்டாம் மாடிக்காரர்கள் ஜன்னலில் கொடி கட்டித் துணி காயவைத்தார்கள். கரண்ட் போன நேரங்களில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் அந்தப் பக்கச் சுவரோரம் உட்கார்ந்து படித்தார்கள். சுட்ட அப்பளம் வேண்டும் என்றால் கம்பியில் செருகி ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் போதும். ஆட்டோக்காரர்கள் நெருப்பு பிளாக் என்று சொன்னாலே வந்து இறக்கினார்கள். கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். நெருப்பு மூன்றாம் மாடிக்குப் போனபோது இரண்டாம் மாடிக்காரர்களுக்கு வருத்தம், ஏதோ நெருங்கின சொந்தம் சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறிவிட்டது மாதிரி.

அஞ்சுகத்துக்கு மட்டும் பழகவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தது மாடிகளை. இட்லி வியாபாரத்தைக் காலையோடு முடித்துவிட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள்.

வாரியத்தின் உதவிப் பொறியாளர் கதிரொளி நல்ல பிள்ளைதான், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துப் பேசுவான். "ஆயா, பேனல் அழகுபடுத்துற திட்டத்துல வந்தது. திட்டம் மாநகராட்சியோடது. நாங்க சுவரை மட்டும்தான் கொடுத்தோம்."

"குடிசை எரியும்னு சொல்லித்தானப்பா இட்டுக்கினு வந்தீங்க. குடிசை எரிஞ்சா ஓடிப்பூடலாம். ஒம்போதாம் மாடியில படுத்துகினு கீறவன் எங்க ஓடுவான்?"

கதிரொளி தண்ணீர் டம்ளரைத் திருப்பி வைத்தான். மாநகராட்சியில், தரையும் தெருவும்தான் நாங்கள், உயரத்துக்கு அனுமதி கொடுப்பவர்களைக் கேள் என்றார்கள். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில், அரசாங்கமே கட்டுவதற்கு நாங்கள் யார் அனுமதி கொடுக்க என்று சிரித்தார்கள். அவள் சாயங்காலம் திரும்பி வரும்போதெல்லாம் நெருப்பு ஒரு மாடி மேலே இருந்தது.

அது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது ஒரு மத்தியானம், துணி உலர்த்திக்கொண்டே போனில் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது. அந்தப் பக்கத்துக் குரல் அலுப்பாக, "அதெல்லாம் எங்ககிட்ட வராதும்மா, அதிகாரிங்கள கேளுங்க" என்று சொல்லி முடித்த அந்த நொடியில், ஐந்தாம் மாடியில் நின்ற நெருப்பு கால் எடுத்து வைப்பதுபோல் எழுந்து ஆறாம் மாடியில் போய் நின்றது. அஞ்சுகம் போனையும் பார்த்தாள், நெருப்பையும் பார்த்தாள். பிறகு ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெருப்பு யாருக்காகக் காத்திருக்கிறது என்பதும், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் அது ஒரு மாடி ஏறுகிறது என்பதும், சொல்லவைத்துச் சொல்லவைத்து அதைத் தன் புருஷன் பக்கம் ஏற்றிக் கொண்டுவந்தது தானேதான் என்பதும் ஒன்றாக அவளுக்குத் தெரிந்தன.

அவள் கண்டதைச் சொன்னதும் பிளாக் செயலாளர் ஏகாம்பரம் கூட்டம் போட்டார். ஆறு மாடிக்கு மேலே இருந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். கீழே இருந்தவர்கள், இனி நமக்கென்ன என்று பின்னால் நின்றார்கள்.

"யாரும் எங்கியும் போயி எதுவும் கேக்கக் கூடாது" என்றார் ஏகாம்பரம். "கேட்டாத்தான அவன் இல்லன்னு சொல்றான். நாம வாய மூடிகினா அது அங்கியே நிக்கும்."

"நின்னுகினே இருக்கிற நெருப்புக்கு மேல எம்புருஷன் படுத்துகினே இருக்கணுமா?"

"அத்த விட்டா வேற இன்னா வழி, சொல்லு."

அவளிடம் வழி இல்லை. ஏகாம்பரத்திடம் இருந்தது. "யோசிச்சுப் பாருங்க. ஒரு உடம்புல முத்து போட்டா அம்மைன்றோம். கட்டடத்துக்கு அம்மை போட்டுகீது. நாமதான் மரியாதை இல்லாம அதுல அப்பளம் சுட்டுகினு கீறோம்."

அன்று சாயங்காலமே வாசலில் வேப்பிலைத் தோரணம் ஏறியது. ஆறாம் மாடிக்காரர்கள் தாளிப்பதை நிறுத்தினார்கள். உப்பு, மிளகாய் குறைத்தார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, யாரும் யாரையும் திட்டுவதில்லை. தயிர்சாதம் படைத்தார்கள். எட்டாம் மாடி சகாயமேரி, எங்கள் மாதாவும் தாய்தானே என்று ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து, நெருப்புக்கு முன்னால் எதற்கு மெழுகுவர்த்தி என்று தானே யோசித்துத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். நெருப்பாத்தா என்று பெயர் வந்தது. மற்ற பிளாக்கிலிருந்து கும்பிட வந்தார்கள், பிறகு மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டும் வந்தார்கள். நெருப்பு ஆறாம் மாடியிலேயே நின்றது. பார்த்தாயா என்று ஏகாம்பரம் அஞ்சுகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நிற்கிறதே, என்ன சொல்ல முடியும்? அவளும் வாயை மூடிக்கொண்டு, காலையில் இட்லி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வியாபாரத்தை ஆரம்பித்தாள்.

இந்தச் சேதி வாரியத்துக்கு எட்டியதும் அங்கே இருந்தவர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. நெருப்பு என்றால் யாராவது அணைக்க வேண்டும், சாமி என்றால் யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்குள் தொகுதி எம்.எல்.ஏ. கும்பிட வந்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, இது மக்கள் நம்பிக்கை, இதில் நான் தலையிட முடியாது என்று கைகூப்பிச் சொன்னார். நெருப்பு ஏழுக்குப் போனது. ஆத்தாவுக்குக் கோபம் என்று கூழ் ஊற்றினார்கள். மறு வாரம் கதிரொளி இரண்டு ஆட்களோடு வந்து, தலையைக் குனிந்தபடியே, வாசல் தூணில் ஒரு தகரப் பலகையை வைத்து ஆணி அடிக்கச் சொன்னான். நல்ல பெயிண்டில் எழுதிய பலகை: "இங்குள்ள சுடர் பொதுமக்களின் வழிபாட்டிற்குரியது. இதனால் ஏற்படும் எதற்கும் வாரியம் பொறுப்பல்ல." கடைசி ஆணி இறங்கியதும் நெருப்பு எட்டாம் மாடிக்கு ஏறியது.

அன்று வியாபாரம் முடித்து ஒன்பதாம் மாடிக்கு வந்த அஞ்சுகத்துக்குக் கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் அடித்தது. துலுக்காணம் ஜன்னலோரம் சுகமாகப் படுத்துக்கொண்டு மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாமே, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?"

அவள் அவன் பாயைத் தொட்டாள். கையைச் சடாரென்று எடுத்துக்கொண்டாள். அவனை இரண்டு அக்குளிலும் பிடித்து இழுத்து, கதவோரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு குதிகாலும் வெந்து, தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இன்னா கீது?" என்றான் துலுக்காணம். "எனக்கு ஒண்ணும் தெரியலயேமே."

அஞ்சுகம் அழுதாள். அழுதுகொண்டே பச்சைத் தண்ணீர் ஊற்றினாள், அழுதுகொண்டே துணி கட்டினாள். கட்டி முடித்தபோது அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டு அவனைத் தூக்கிக் கீழே கொண்டுபோகச் சொல்லலாம், அவன் பிழைப்பான். மேலே பத்தாம் மாடியில் பிரசவித்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளை யார் தூக்குவது, பிறகு எல்லாரும் எங்கே போவது, திரும்ப ஆற்றுக்கா? பலகையில் பெயிண்ட் அடித்தவன் அதை யோசித்தானா? அவள் மாடிப்படியில் நின்று ஏகாம்பரத்தைக் கூப்பிட்ட சத்தம் ஏ பிளாக் வரை கேட்டது.

"இது அம்மைன்னு சொன்ன இல்ல?"

"ஆமா."

"அம்மை வந்தா வூட்டோட வச்சிகினா இருப்பாங்க? தலைக்கு மூணு தண்ணி ஊத்தினா அனுப்பி வைக்கணுமா இல்லியா?"

 மரியாதை, தயிர்சாதம், கூழ் எல்லாம் செய்த சி பிளாக் வழியனுப்புவதை மட்டும் மறந்துபோயிருந்தது. வந்த ஆத்தாவைப் போகச் சொல்லாமலே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்பலாம்" என்றார் ஏகாம்பரம் மெதுவாக. "எல்லையில கொண்டுபோயி வுடணும். எது எல்லை?"

"வந்த எடம்தான் எல்லை. பேனல் எங்கேர்ந்து வந்துச்சோ அங்க, வாரியத்தாண்ட."

மூன்று தண்ணீரையும் அன்றே ஊற்றினார்கள். மொட்டைமாடியில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைப் பேனல் மேல் ஊற்ற, கட்டடம் தலை முழுகியது. மறுநாள் காலை அஞ்சுகம் மஞ்சள் புடவை கட்டி, காப்புக் கட்டிக்கொண்டு, அடியில் வேப்பிலை வைத்த சட்டியை ஏந்தி சகாயமேரி வீட்டு ஜன்னலில் நின்றாள். சாமி கும்பிடுவதில் அவ்வளவு பழக்கமில்லாதவள், என்ன மந்திரம் சொல்வது என்று தெரியாமல், வீட்டு ஆளிடம் பேசுவது போலப் பேசினாள்.

"நீ யாருக்காவக் காத்துகினு கீறியோ அவங்க இங்க வர மாட்டாங்க. இங்க கீறவங்கல்லாம் உன்ன மாதிரி காத்துகினு கீறவங்கதான். வா, போயிப் பாத்துட்டு வந்துடலாம்."

நெருப்பு சுவரை விட்டு இறங்கி, ஜன்னல் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, சட்டிக்குள் வந்து அடங்கி உட்கார்ந்தது.

நெருப்போடு பஸ்ஸில் ஏற முடியாது. தண்ணீர் ஊற்றிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த டேங்கர் லாரியில் அவளை ஏற்றிக்கொண்டான் டிரைவர். மீதிப் பெண்கள் பின்னால் இரண்டு லாரிகளில் வந்தார்கள். ஏகாம்பரம் என்ன நினைத்தாரோ, வாசல் தூணில் இருந்த தகரப் பலகையைப் பிடுங்கிக் கையோடு கொண்டுவந்தார். பட்டணத்து எல்லையில் போலீஸ் கைகாட்டி, அனுமதி இருக்கிறதா என்று கேட்டது. ஏகாம்பரம் பலகையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார். வழிபாட்டிற்குரியது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டு, வண்டிகளை ஒதுக்கி வழிவிட்டார்.

வாரியத்தின் தலைமை அலுவலகம் ஏழு மாடி. அதற்கும் அதே நீலம், அதே பளபளப்பு. அஞ்சுகம் வாசலில் சட்டியை இறக்கி வைத்ததும் நெருப்பு எழுந்து, தன் வீட்டுக்குப் போவது போலப் போய்த் தரைத்தளத்துப் பேனலில் நின்றது.

ஒரு அதிகாரி ஓடி வந்தார். "இந்தக் கட்டடம் பொதுப்பணித் துறை கட்டினது, எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்றார். நெருப்பு முதல் மாடிக்கு ஏறியது. இன்னொருவர் வந்து, பராமரிப்பு காண்டிராக்டில் விட்டிருக்கிறோம், அவர்களைக் கேளுங்கள் என்றார். இரண்டாம் மாடி. கணக்குப் பிரிவு தங்களுக்கு இதில் வேலையில்லை என்றது, சட்டப் பிரிவு இப்போதைக்குக் கருத்துச் சொல்வதற்கில்லை என்றது. கேட்காமலே சொன்னார்கள், பழக்கத்தில் சொன்னார்கள், படியில் இறங்கி ஓடிக்கொண்டே சொன்னார்கள். பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள். நெருப்பு ஆறாம் மாடியில், வாரியத் தலைவர் அறைக்கு நேர் கீழே வந்தபோது தலைவரே இறங்கி வந்தார். வந்தவர் வாயைத் திறந்ததும், கூட்டத்தில் நின்ற கதிரொளி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், எதுவும் சொல்லிடாதீங்க சார். பேனலை எடுக்கச் சொல்லிடுங்க."

எடுக்கச் சொன்னார். அதற்கு எந்தக் கோப்பும் நகரவில்லை, டெண்டர் இல்லை, ஒப்புதல் இல்லை, நிதி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கயிறும் கட்டரும் வந்தன, ஆட்கள் வந்தார்கள், சாயங்காலத்துக்குள் ஏழு மாடியும் உரித்த வாழைக்காய் மாதிரி நின்றது. எத்தனை அலுவலகம், எத்தனை மாதம், எத்தனை உட்காருங்கம்மா, எத்தனை பார்க்கலாம்மா என்று அஞ்சுகத்துக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செய்ய முடியாத வேலை என்றல்லவா நினைத்திருந்தாள். ஒரு பகல் வேலை. நிற்க இடமில்லாத நெருப்பு இறங்கி வந்து திரும்பவும் அவள் சட்டியில் உட்கார்ந்தது.

போன் அடித்தது. துலுக்காணம்.

"பேனல பிச்சிட்டாங்களாமே? டிவில காட்னான்."

"பிச்சிட்டாங்க. அவுங்களோடத."

 "கால் வலிக்கலமே, நீ கவலப்படாத" என்றான் அவன்.

அஞ்சுகம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு தலைவரிடம் போனாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுது எப்ப சார்?"

தலைவர் படித்தவர், ஒரே நாளில் பாடம் கற்றுக்கொண்டவர். எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார்: "அரசுக்கு எழுதியிருக்கோம்மா. அரசுதான் முடிவு பண்ணணும்."

சட்டியில் நெருப்பு ஒரு சாண் எழும்பியது.

அஞ்சுகம் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கோபம் இருந்தது, ஆனால் குரல் உயரவில்லை, வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அரசுன்றது எந்தக் கட்டடம் சார்? எத்தினி மாடி?"

 கதிரொளி மட்டும், தலை நிமிராமல், கடற்கரைப் பக்கம், தலைமைச் செயலகம் இருக்கும் திசையில், கையைக் காட்டினான். அஞ்சுகம் சட்டிக்கு அடியில் வாடின வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தாள், சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். பெண்கள் பின்னால் வர, ஏகாம்பரம் தகரப் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்.